தெளிவு நூலிலா, வாசகனிடமா?

வேதாகமப் பொருள்கோள் வரலாற்றில் மிகக் கடுமையாக மோதிக்கொண்டவர்கள், வேதம் தெளிவற்றது என்றவர்கள் அல்லர். தெளிவானது என்று ஒரே குரலில் சொன்னவர்கள்தாம்.

1522இல் சூரிக்கின் சீர்திருத்தவாதி சுவிங்கிலி, அந்நகரக் கன்னியர் மடம் ஒன்றில் பிரசங்கித்தார். பொருள்: இறைவார்த்தையின் தெளிவும் உறுதியும். மார்ட்டின் லூதரும் அதே கட்சி. மனித சித்தத்தின் சுதந்திரம் போன்றவற்றில் வேதம் மறைபொருளாகவே பேசுகிறது, அடக்கமாக இருப்போம் என்று 1524இல் அறிஞர் எராஸ்மஸ் எழுத, மறு ஆண்டே லூதர் மறுத்தார். சில சொற்கள் விளங்காதது நம் மொழியறிவின் குறை. நூல் சொல்லவந்தது வெட்ட வெளிச்சம் என்றார். உறுதியாகச் சொல்லத் துணியாத விசுவாசம் அவருக்கு விசுவாசமே அல்ல.

1529 அக்டோபரில் லூதரையும் சுவிங்கிலியையும் மார்பர்க் கோட்டையில் எதிரெதிரே உட்கார வைத்தார் ஹெஸ் நாட்டுச் சிற்றரசர் பிலிப். சீர்திருத்த அணி உடைந்தால் கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன் நிற்க முடியாது என்ற கவலை அவருக்கு. பேச்சு திருவிருந்தைப் பற்றியது. அப்பத்தைத் தம் உடல் என்று இயேசு சொன்ன வாக்கியத்தை லூதர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி, மேலே துணியைப் போட்டு மூடினார். ஆதாரம் கேட்டபோது துணியை விலக்கிக் காட்டினார். அவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சுவிங்கிலியோ யோவான் 6:63ஐ எடுத்துவைத்தார். ஆவியே உயிர் தருகிறது என்றால் அப்பம் அடையாளமாகத்தான் இருக்க முடியும். இருவரும் கிரேக்கம் கற்றவர்கள். இருவரிடமும் நேர்மைக் குறைவில்லை. 14 பொருள்களில் ஒத்துப்போனார்கள். 15ஆவதில் கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் உள்ளதா என்ற கேள்வியில் நின்றுவிட்டார்கள். எதிரணியினரின் ஆவியே வேறு என்று சொல்லி, லூதர் அவர்களைச் சகோதரர்களாக ஏற்க மறுத்தார்.

தெளிவான வசனங்களைக் கொண்டு மங்கலானவற்றை விளக்கு என்பது பழைய விதி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்டின் எழுதத் தொடங்கிய பொருள்கோள் நூலிலேயே இருக்கிறது. ஆனால் எது தெளிவு, எது மங்கல் என்று அந்த விதி சொல்வதில்லை. மார்பர்க்கில் ஒருவருக்கு விளக்காக இருந்த வசனம், மற்றவருக்கு விளக்கப்பட வேண்டிய வசனம். அதே நூலில் அகஸ்டின் இன்னொரு அளவுகோலும் தருகிறார்: இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்காத வாசிப்பு, வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளாத வாசிப்பு. இதைத்தான் சபைகள் அதிகம் மறந்தன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கிய போதகர்கள் கையிலும் ‘தெளிவான’ வசனங்கள் இருந்தன. அன்பின் கட்டளையை முன்வைத்து வாசித்தவர்களே அங்கே வேதத்தைச் சரியாக வாசித்தார்கள்.

அப்படியானால் எது தெளிவு என்று யார் தீர்மானிப்பது? 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நூலாசிரியரின் நோக்கத்தையும் இலக்கிய வகையையும் ஆராயச் சொல்லி, இறுதித் தீர்ப்பைத் திருச்சபையிடம் வைத்தது. 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் வழி வேறு. வேதத்தில் எல்லாமே ஒரே அளவு தெளிவாக இல்லை. மீட்புக்கு வேண்டியது மட்டும் கல்லாதவருக்கும் எட்டும்படி இருக்கிறது என்றது. என் கணிப்பில் இதுவே நேர்மையான நிலை. உறுதி வேண்டிய இடத்துக்கு அது உறுதி தருகிறது. மற்ற இடங்களில் சகோதரனைத் தள்ளிவைக்க அனுமதி தருவதில்லை.

1973இல் பாசல் அருகே லொய்யன்பெர்க்கில் உருவான உடன்படிக்கையின்படி, ஐரோப்பாவின் லூதரன் சபைகளும் சுவிங்கிலியின் மரபைச் சார்ந்த சீர்திருத்தச் சபைகளும் பழைய கண்டனங்களை விலக்கி, ஒரே திருவிருந்தில் பங்குகொள்ள இசைந்தன. மார்பர்க்குக்குப் பின் அதற்கு 444 ஆண்டுகள் ஆயின.