துணைக் கேள்வி என்னும் பேரழகு

நம் சட்டப்பேரவையில் நடக்கிற அத்தனை விஷயங்களிலும் எனக்கு உயிர் எது தெரியுமா? கேள்வி நேரம். அதிலும் குறிப்பாக, முதல் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லி அமர்ந்ததும் உறுப்பினர் மறுபடி எழுந்து கேட்கிறாரே, அந்தத் துணைக் கேள்வி! பட்ஜெட் உரை, ஆளுநர் உரை, வெளிநடப்பு எல்லாவற்றையும் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். துணைக் கேள்வி ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவிட்டால் போதும்.

2022 ஜனவரி 6 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையில் வந்தது. அன்று தொற்றிக்கொண்டது இந்தப் பித்து. அதற்கு முன் கேள்வி நேரம் என்றால் மறுநாள் நாளிதழில் வரும் நாலு வரி. "அமைச்சர் பதில்" என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுவார்கள். கேட்டவர் எப்படிக் கேட்டார், அமைச்சர் எங்கே ஒரு நொடி தயங்கினார், அவைத்தலைவர் எப்போது "பேச்சு வேண்டாம், கேள்வியா கேளுங்க" என்று குறுக்கே வந்தார், ஒன்றும் தெரியாது. இப்போது முழுசாகப் பார்க்கிறேன். பார்வையாளர் மாடத்துக்கும் போயிருக்கிறேன். திரையில் பேசுகிறவரின் முகம் மட்டும்தான் தெரியும். மாடத்திலிருந்து பார்த்தால் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகமும் தெரியும். இரண்டு இன்பமும் வேறு வேறு.

அந்தச் சடங்கையே பாருங்களேன். அவைத்தலைவர் ஒரு குறளைச் சொல்லிப் பொருளும் சொல்லி முடிக்கிறார். 'வினாக்கள் – விடைகள்' தொடங்குகிறது. வினா எண் அழைக்கப்படுகிறது. துறையில் தயாரித்துக் கொடுத்த விடையை அமைச்சர் படிக்கிறார். பல நேரம் அது ஒற்றைச் சொல்லாகவே இருக்கும். "(அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை." பார்ப்பவருக்குச் சப்பென்று ஆகிவிடும். ஆனால் உண்மையான ஆட்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது!

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மலையடிவாரத் தொகுதி ஒன்றின் உறுப்பினர் தன் ஒன்றியத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அமைச்சரின் விடை: சமவெளியில் முப்பதாயிரம் மக்கள்தொகைக்கு ஒன்று, மலைப்பகுதியில் இருபதாயிரத்துக்கு ஒன்று என்பது வரையறை, அந்த ஊரிலிருந்து எட்டு கிலோ மீட்டரில் ஏற்கெனவே ஒரு நிலையம் இருப்பதால் தேவை எழவில்லை. கச்சிதமான விடை. விதிப்படி சரியான விடையும்கூட. உறுப்பினர் எழுந்தார். கையில் காகிதம் இல்லை. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, அமைச்சர் சொன்ன எட்டு கிலோ மீட்டர் வரைபடத்தில் சரி. நடுவில் ஆறு இருக்கிறது. தண்ணீர் வந்தால் தரைப்பாலம் மூழ்கிவிடும். அப்போது மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். பொழுது சாய்ந்தால் அந்தத் தடத்தில் பேருந்தும் கிடையாது. பிரசவ வலி வந்த பெண்ணை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதைத் தங்கள் வாயிலாக அமைச்சரைக் கேட்டு அமர்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதிகாரிகள் மாடத்தில் இரண்டு பேர் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டார்கள். ஒரு துண்டுச் சீட்டு அமைச்சரின் மேசைக்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார், கோப்பின் மேலேயே வைத்தார், சீட்டைப் படிக்காமல் தன் வார்த்தையில் பேசத் தொடங்கினார். அங்கே துணை சுகாதார நிலையம் ஒன்று இருப்பதைச் சொன்னார், தண்ணீர் வரும் மாதங்களில் 108 ஊர்தியை ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்வதாகச் சொன்னார், நேரில் ஆய்வு செய்ய அதிகாரிகளை அனுப்புவதாகச் சொன்னார். உடனே எதிர்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார்: அதே ஆறு தன் தொகுதிக்குள்ளும் வருகிறது, அந்தப் பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று. அவர் வேறு கட்சி. ஆற்றுக்குக் கட்சி ஏது!

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சிட்ட விடை வரைக்கும் பேசியது துறை. துணைக் கேள்வி வந்த பிறகு பேசியது ஓர் அமைச்சர், அதாவது நாம் வாக்களித்து அனுப்பிய ஓர் ஆள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியாத கேள்வி அது. தன் துறை தெரிந்தவர் நிமிர்ந்து நிற்பார். தெரியாதவர் சீட்டைத் தேடுவார். யார் எந்த ரகம் என்பது சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தால் யாருக்கும் பிடிபட்டுவிடும்.

இந்த உரிமை சும்மா வரவில்லை என்பதை நினைத்தால் இன்னும் பெருமையாக இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சட்டமன்றங்களில் உறுப்பினர்கள் கேள்வி கேட்கவே 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. கேட்கலாம், பதிலை வாங்கிக்கொண்டு உட்காரலாம். மறு கேள்வி கூடாது. 1909-இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் வந்தபோது துணைக் கேள்வியை அனுமதித்தார்கள், அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1921-இல் புதிய மன்றங்கள் கூடியபோதுதான் யார் வேண்டுமானாலும் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆனது. ஒரு கேள்வியிலிருந்து அடுத்த கேள்விக்குப் போக ஏறக்குறைய முப்பது வருடம்! ஆளுகிறவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

நாடாளுமன்றத்தில் இந்த ஏற்பாடு இன்னும் நேர்த்தியாக இருக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், வாய்மொழி விடைக்கு. 230 குறியிடாத கேள்விகள், எழுத்து விடைக்கு. முன்னது பச்சைத் தாளில், பின்னது வெள்ளைத் தாளில். சாதாரணமாக 15 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். எந்தக் கேள்விக்கு முதலிடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. கேள்வியில் வாதம், ஊகம், கிண்டல், அவதூறு எதுவும் இருக்கக் கூடாது. 150 வார்த்தைக்கு மேல் போகவும் கூடாது. இவ்வளவு கட்டுத்திட்டமும் அச்சிட்ட கேள்விக்குத்தான். கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள், அப்புறம் அவைத்தலைவர் மற்றவர்களை அழைப்பார். ஒரு மணி நேரத்தில் இருபதையும் தொடுவது அபூர்வம். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் இருபது கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1972-க்குப் பிறகு அதுதான் முதன்முறை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் திருவிழா.

கேள்வியின் வலு என்ன என்று யாராவது கேட்டால் நான் 1957-ஐத்தான் எடுத்துப் போடுவேன். ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் பணத்தில் ஏறத்தாழ 1.25 கோடி ரூபாயை ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் நிறுவனப் பங்குகளில் போட்டிருந்தார்கள். அது மக்களின் காப்பீட்டுத் தவணைப் பணம்! விஷயம் முதலில் கேள்விகளாகத்தான் மக்களவைக்குள் வந்தது. வந்த விடைகள் யாருக்கும் திருப்தி தரவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்து பேசினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். சொந்தக் கட்சி, சொந்த மாமனாரின் அரசு, ஆனாலும் கேட்டார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் சென்னைக்காரர், பெரிய நிர்வாகி. அப்படிப்பட்டவரையும் அவை கேட்டது என்பதுதான் எனக்கு மெய்சிலிர்ப்பு.

துணைக் கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்து விடை மட்டும் உண்டு. ஊரடங்கில் சொந்த ஊருக்குப் போகும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. அதோடு முடிந்தது. ஏன் பராமரிக்கவில்லை, இனிமேலாவது எடுப்பீர்களா, ரயில்வேயிடம் கேட்டீர்களா, மாநிலங்களிடம் கேட்டீர்களா என்று யாரும் எழுந்து கேட்க முடியாது. அந்த ஒரு வரி விடையைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

செலவுக் கணக்கு பார்க்கப் பிடிக்கும் என்றால் நம் பேரவையின் மானியக் கோரிக்கை நாட்களை விடவே விடாதீர்கள். எண் 19 மக்கள் நல்வாழ்வு, எண் 43 பள்ளிக் கல்வி என்று துறை துறையாக வரும். அன்றைக்கு வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைப் புரட்டினால் போதும், அந்தத் துறையின் ஜாதகமே கையில். நாடாளுமன்றத்தில் கொள்கையையே ஏற்கவில்லை என்றால், அந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கான கோடி கேட்கிறவருக்கு ஒரு ரூபாய்! என்ன கம்பீரமான மறுப்பு!

இன்னொரு பொக்கிஷம் உறுதிமொழிக் குழு. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அமைச்சர் அவையில் "பரிசீலனையில் உள்ளது", "ஆவன செய்யப்படும்", "விவரம் சேகரிக்கப்பட்டு அவைக்கு அளிக்கப்படும்" என்கிறார். நாம் அதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த மாதிரி எந்தெந்தச் சொற்கள் வந்தால் உறுதிமொழியாகக் கொள்ள வேண்டும் என்று மக்களவையில் ஒரு பட்டியலே உண்டு. அவற்றை நிறைவேற்றினார்களா என்று பார்க்க 1953-இலேயே குழு அமைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கெடு. நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகப் போய், சொன்ன பாலம் எங்கே, சொன்ன பள்ளிக் கட்டடம் எங்கே என்று இடத்திலேயே நின்று கேட்கிறார்கள். அவையில் பேச்சுவாக்கில் விட்ட ஒரு வார்த்தைக்குக் கணக்குக் கேட்க ஒரு குழு! இதைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பழைய அவை நடவடிக்கைத் தொகுதிகளைத் தேடிப் படிக்கும் பழக்கமும் இந்தக் கேள்விப் பித்தினாலேயே வந்தது. உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், பிரமித்துப்போவீர்கள். எங்கள் பகுதித் துணை மின் நிலையத்தை எடுத்துக்கொள்கிறேன். மின்னழுத்தம் குறைந்து மோட்டார் கருகிப்போன காலத்தில் ஒருவர் கேட்கிறார்: 33/11 கிலோ வோல்ட் துணை மின் நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? விடை: கருத்துரு இல்லை. அவரே அடுத்த கூட்டத்தொடரில் விடாமல் கேட்கிறார், இப்போது விடை: இடம் தேர்வு செய்யப்பட்டு வருகிறது. பிறகு தேர்தல் வந்து, அவர் தோற்று, அவரைத் தோற்கடித்தவர் அவைக்கு வருகிறார். அவரும் எழுந்து அதையே கேட்கிறார்! ஊராட்சி நிலத்தை வாரியத்துக்கு மாற்றிவிட்டார்களா? மாற்றியாகிவிட்டது. நிர்வாக ஒப்புதல்? வழங்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தப்புள்ளி எப்போது? விரைவில். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டவர்கள். அவைக் குறிப்பில் மட்டும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கியிருக்கிறார். நிலையம் இன்றைக்கு ஓடுகிறது. விளக்கு மங்குவதில்லை.

அதற்கு இரண்டாவது மின்மாற்றி வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் உறுப்பினருக்கு மனு எழுதியிருக்கிறேன். கேள்வியாக மட்டும் எழுதாமல், "போதிய திறன் உள்ளது" என்று விடை வந்தால் எந்தத் துணைக் கேள்வி கேட்க வேண்டும், கோடையில் எந்த மணிக்கு எந்த மின்பாதையில் பளு கூடுகிறது என்பதையும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.