ஓரத்தில் ஒரு மெத்தில்

இமாடினிப் என்ற புற்றுநோய் மருந்தின் மூலக்கூறு படத்தைப் பார்த்தால் என் கண் அதிலுள்ள ஒரு சின்ன மெத்தில் தொகுதிக்குத்தான் போகும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே. பாசல் நகரின் சீபா-கைகி நிறுவனத்தில் இம்மருந்தை உருவாக்கிய யூர்க் சிம்மர்மன் குழுவின் தொடக்கச் சேர்மம், வேண்டாத புரதக் கைனேஸ் சி நொதியையும் தடுத்தது. இந்த மெத்தில் வந்ததும் மூலக்கூறு சற்றே முறுக்கிக்கொண்டது. புரதக் கைனேஸ் சி மீதான பிடி நழுவியது, குறிவைத்த நொதியான ஏபிஎல் கைனேஸ் மீதான பிடி நிலைத்தது. (வேதியியலில் கஞ்சத்தனமும் கலைதான்.) மாத்திரையாக விழுங்கத் தோதாக, நீரில் கரைய உதவும் பைப்பரசின் வளையம் ஒன்றும் சேர்ந்தது. ஏபிஎல் கைனேஸ் செயலற்றிருக்கும் வடிவத்தில்தான் இமாடினிப் போய் அமர்கிறது. நொதியே வடிவம் மாறுவதால் பூட்டு-சாவி உவமை இங்கே போதாது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்கா இதை 2001 மே மாதம் அனுமதித்தது. இதன் பீட்டா படிக வடிவத்துக்கான காப்புரிமையை 2013இல் நம் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது.