முன்னே கண்ணாடி, பின்னே க்ளே

பாலிமர் க்ளே ஒட்டி அலங்கரித்த போன் கவர் ஒன்றை யாராவது கையில் கொடுத்தால், பார்ப்பதற்கு முன்னால் அதைத் தடவ வேண்டும் என்பது என் கட்சி. போனைப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகப் போய் உட்காரும் இடம் ஒன்று உண்டு. கேமராவுக்குச் சற்றுக் கீழே, நடுமுதுகில். அந்த இடத்தில் விரலுக்கு என்ன தட்டுப்படுகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. நிறம், மினுக்கு, பூ, பட்டாம்பூச்சி எல்லாம் அப்புறம்.

போனின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் மணல் தெரியும், மழை தெரியும், ஊரிலிருக்கும் பேத்தியின் கன்னம் தெரியும். தொட்டால் எல்லாம் ஒரே வழுவழுப்பு. நாள் முழுக்க விரல் அதில்தான் அலைகிறது. விரலுக்கென்று மிஞ்சியிருப்பது பின்பக்கம் மட்டும். அங்கேயும் வழுவழுத்த பிளாஸ்டிக்கில் மரப்பட்டையின் புகைப்படத்தை அச்சடித்துத் தருகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் குவித்து வைத்து விற்கும் கவர்களில் பெரும்பாலும் இந்த ரகம்தான். க்ளே கவர் செய்பவர் அந்த மரப்பட்டையை நிஜமாகவே மேடும் பள்ளமுமாகக் கொண்டுவந்து விரலடியில் வைக்கிறார். அதற்காகவே இந்தச் சின்னக் கலைமேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

இந்த க்ளே அடிப்படையில் பி.வி.சி. தண்ணீர்க் குழாயில் இருக்கும் அதே பொருளைத் துகளாக்கி, எண்ணெய்ப் பதமான ஓர் இளக்கியும் நிறமியும் சேர்த்துப் பிசைந்தது. காற்றில் காயாது. வாரக்கணக்கில் மேஜைமேல் கிடந்தாலும் பிசையப் பிசைய இளகும். ஓவனில் வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்து கெட்டிப்படும். குயவர் மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். இது அநேகமாகச் சுருங்குவதே இல்லை. ஊசி முனையால் இழுத்த கோடு சுட்ட பிறகும் அதே அகலத்தில் நிற்கும். கையகலப் பரப்பில் நுணுக்கம் காட்டுகிற வேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறந்த கதை சுவாரசியமானது. ஜெர்மனியின் பெயர்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸின் பட்டறைக்கு, பொம்மைத் தலை செய்ய உதவும் என்று வந்த பொருள் இது. அதற்குச் சரிப்படவில்லை. வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்ட அவர் மகள் ஸோஃபி அதை எடுத்து விளையாடிப் பார்த்து, கைவேலைப் பொருளாக்கினார். 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் பென்சில் நிறுவனம் உரிமையை வாங்கியது. ஃபிமோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று அது நம் பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் இருக்கும் ஸ்டெட்லர் நிறுவனத்தின் சரக்கு. அமெரிக்காவில் ஸ்கல்பி என்ற இன்னொரு க்ளே மின்மாற்றிகளின் சூட்டைக் கடத்தத் தயாரிக்கப்பட்டு, அந்த வேலைக்கு ஒத்துவராமல், யாரோ ஒருவர் அதில் சின்ன உருவம் ஒன்றைப் பிடித்துப் பார்த்ததால் பிழைத்துக்கொண்டது. இரண்டுமே வேறு வேலைக்கென்று வந்து அதில் தோற்ற பொருள்கள். 2011இல் விஸ்கான்சினில் ரேசீன் கலை அருங்காட்சியகம் பாலிமர் கலைக்கென்றே பெரிய கண்காட்சி வைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டன.

இனி க்ளேயில் அழுத்தி எடுக்கும் பதிவுக்கு வருவோம். கவர்மேல் வரும் க்ளேத் தகட்டின் மொத்தக் கனமே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் கவர் செங்கல்லாகக் கனக்கும், வயர்லெஸ் சார்ஜரும் முரண்டு பிடிக்கும். இந்த மெல்லிய தகட்டில் எவ்வளவு ஆழம் அழுத்துவது? லேசாகத் தொட்டு எடுத்தால் கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் கைப்பையின் தூசி, முகப் பவுடர், விபூதி எல்லாம் பள்ளத்தில் குடியேறும். அடித்தகடும் மெலிந்து விரிசல் விடும். சுமார் அரை மில்லிமீட்டர் என்பது என் கணக்கு. தேர்ந்தவர்கள் அளவுகோல் வைத்துக்கொண்டு அழுத்துவதில்லை, உள்ளங்கையின் பாரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எதை வைத்து அழுத்துவது என்பதில்தான் ஒருவரின் ரசனை வெளிப்படும். கடையில் ரப்பர் ஸ்டாம்பும் பதிவுத் தகடுகளும் விதவிதமாகக் கிடைக்கின்றன. அவற்றால் வரும் பதிவு சுத்தமாக இருக்கும், ஆனால் நாலு பேர் செய்தால் நாலும் ஒன்றாக இருக்கும். கசக்கிப் பிரித்த அலுமினியத் தாளை அழுத்தினால் பாறையின் முகம் வரும். பழைய பல்துலக்கியால் குத்தினால் மணற்கல். லேஸ் துணியின் கண்ணிகள் அப்படியே பதியும். அரச இலையை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து உருளையை ஒரே ஒரு தடவை ஓட்டினால், நடு நரம்பிலிருந்து வால்முனை வரை எல்லாக் கிளையும் வந்து உட்காரும். இரண்டாம் தடவை ஓட்டினால் இலை நகர்ந்து இரட்டைக் கோடு விழும். ஒட்டாமலிருக்கத் தண்ணீரைப் பூத்தூவலாகத் தெளிக்கலாம், சோளமாவைத் தூவலாம். (பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையைப் பதிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். க்ளேயில் இருக்கும் இளக்கி பட்டில் எண்ணெய்க் கறையாக ஏறும். அம்மாவின் கூறைப்புடவையை விட்டுவிடுங்கள்.)

மை இதற்கு அடுத்தபடி. ஆல்கஹால் இங்க் என்பது சாராயத்தில் கரைத்த சாயம். சொட்டு விட்டதும் பரவும், கண்ணெதிரே காயும். ஒரு சொட்டு காய்வதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழுந்தால், இரண்டும் கலக்காமல் ஒன்றையொன்று ஓரத்துக்குத் தள்ளி, விளிம்பில் அடர்ந்த வளையம் கட்டும். அந்த வளையத்தை யாரும் தூரிகையால் வரைந்துவிட முடியாது. க்ளேமேல் மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, அதன்மேல் மையைச் சொட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு, மாவைத் தகடாக்கும் பாஸ்தா மெஷினில் விட்டு நீட்டினால், க்ளே நீளும், தாள் நீளாது. கோடையில் வறண்ட ஏரித்தரை மாதிரி அது பாளம் பாளமாக வெடித்து, இடுக்கில் அடிநிறம் எட்டிப் பார்க்கும். பார்க்க அருமையான வேலை. ஆனால் பெரும்பாலான ஆல்கஹால் இங்க் வெறும் சாயம் என்பதால் வெயிலில் வெளுக்கும். ஸ்கூட்டர் முகப்பில் போனை மாட்டி ஊர் சுற்றுபவர்களுக்கு இது ஆகாது.

எனக்குப் பிடித்தது இதைவிட அடக்கமான இன்னொரு முறை. அதில் செய்த கவர் ஒன்று இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. க்ளே யானைத்தந்த நிறம், பதித்தது முரட்டுச் சாக்குத்துணி. சுட்டு ஆறிய பிறகு அடர் பழுப்பு அக்ரிலிக் நிறத்தை முழுக்கப் பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். மேடெல்லாம் வெளுத்துவிட்டது, பள்ளத்தில் மட்டும் பழுப்பு தங்கியிருக்கிறது. அதற்கு மேல் ஒரே ஒரு மூலையில் நீல மை ஒற்றியை மேடுகள்மேல் மட்டும் லேசாகத் தட்டியிருக்கிறார்கள். பள்ளத்துக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று. உற்றுப் பார்த்தால் இழை ஒன்று இன்னொன்றின் கீழே நுழைந்து வெளிவரும் இடத்தில் பழுப்பு சற்றே கூடியிருப்பது தெரிகிறது. மை இங்கே தனக்கென்று படம் எதுவும் போடவில்லை; பதிவு போன வழியிலேயே போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறான வித்தை ஒன்றும் உண்டு. முத்து நிற, உலோக நிற க்ளேக்களில் அப்ரகத் துகள்கள் கலந்திருக்கும். மெஷினில் பலமுறை விட்டு எடுத்தால் துகள்கள் எல்லாம் ஒரே பக்கம் படுக்கும். பிறகு ஸ்டாம்பை அழுத்தினால் அழுந்திய இடத்தில் அவை சாயும். மேலெழுந்து நிற்கும் மேட்டைக் கூரான பிளேடால் சீவி, உருளையால் சமப்படுத்திவிட்டால் பரப்பு தட்டை, ஆனால் ஒளி சாய்ந்த துகளில் வேறு மாதிரி பட்டுத் திரும்புவதால் உள்ளே ஆழம் இருப்பதுபோல் தெரியும். கண் பள்ளம் என்கிறது, விரல் இல்லை என்கிறது. பதக்கத்திலோ காதணியிலோ பார்த்தால் சொக்கிப் போவேன். போன் கவரில் பார்த்தால் மறுபடியும் கண்ணாடிப் பக்கத்துக்கே வந்துவிட்ட எண்ணம். என் தராசு அப்படி. மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பல நிறத் தகடுகளை அடுக்கி, அழுத்தி, சீவி, உள்ளே இருக்கும் வரிகளை வெளிக்கொணரும் மொகுமே கானே என்ற முறையையும் க்ளேக்காரர்கள் கையாளுகிறார்கள். அது ஜப்பானின் உலோக வேலை. 17ஆம் நூற்றாண்டில் அகிதாவில் இருந்த ஷோவாமி தென்பேய் வாளுறுப்புகளுக்காக உருவாக்கியது என்பார்கள். ஆனால் போன் கவர் செய்பவர்கள் ஜப்பானிடம் கற்க வேண்டியது இன்னொன்று: நெட்சுகே. ஜப்பானின் எடோ காலத்துக் கிமோனோவில் பை கிடையாது. சின்னப் பெட்டியையோ சுருக்குப்பையையோ கயிற்றில் கட்டி இடைக்கச்சையில் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமலிருக்க மேல் நுனியில் கட்டை விரலளவுச் சிற்பம் ஒன்று. அதுதான் நெட்சுகே. எலியோ துறவியோ எதைச் செதுக்கினாலும் துருத்திக்கொண்டு எதுவும் நிற்கக் கூடாது. நின்றால் துணியில் மாட்டும், ஒடியும். எலியின் வால் உடலைச் சுற்றியே படுத்திருக்கும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுதான் அந்தச் சிற்பிகள் அவ்வளவும் செய்தார்கள். பாக்கெட்டுக்குள் போய் வருகிற போனுக்கும் அதே சட்டம்தான். ஆளுயர இதழோடு ரோஜாவை நிமிர்த்தி வைத்த க்ளே கவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த இதழ் முதலில் எந்த ஜீன்ஸ் பாக்கெட்டில் ஒடியப்போகிறது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

சுடுவதில் ஒரு கத்திமுனை இருக்கிறது. க்ளேயின் வகையைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி செல்சியஸ், அரை மணி நேரம். அடியில் இருக்கும் கவர் நல்ல பாலிகார்பனேட்டாக இருந்தால் ஏறக்குறைய 147 டிகிரி வரை தாங்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 105இலேயே தளர்ந்து வளைந்துவிடும். வளைந்து கொடுக்கும் ரப்பர்த்தன்மைக் கவரில் க்ளே நிற்காது. கவர் வளையும், க்ளே விண்டு வரும். வீட்டு ஓவனின் முள் 130ஐக் காட்டினாலும் உள்ளே சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆகவே உள்ளே தனி வெப்பமானி வைக்காமல் யாரும் இறங்கக் கூடாது. கருகினால் கெடுவது கவர் மட்டுமில்லை. பி.வி.சி. தீய்ந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு புகை மூக்கையும் கண்ணையும் எரிக்கும். பாஸ்தா மெஷினும் ஒருமுறை க்ளேக்கு வந்தால் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

அனுபவசாலிகள் கவர்மேலேயே வைத்துச் சுட்டு வளைவை வாங்கிக்கொண்டு, ஆறியதும் தகட்டை உரித்தெடுத்து, சொரசொரப்பாக்கிய பிளாஸ்டிக்கில் பசையால் ஒட்டுகிறார்கள். பாலிகார்பனேட்டோடு க்ளே தானாகப் பிடித்துக்கொள்வதில்லை என்பதால் இதுவே நாணயமான வழி. உரித்த தகடு இளஞ்சூட்டில் இருக்கும்போதே கேமரா ஓட்டையின் விளிம்பைப் பிளேடால் திருத்திவிட வேண்டும். ஒரு கவரின் வேலைத்தரத்தைச் சொல்ல அந்த விளிம்பே போதும். பளபளப்புக்கு நெயில் பாலிஷ் பூசுகிறவர்கள் உண்டு. அதன் கரைப்பான் க்ளேயை இளக்கி, நாளாக ஆகப் பிசுபிசுக்க வைக்கும். தண்ணீர் தோய்த்த உப்புத்தாளை 400, 600, 1000 என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் தேய்த்தாலே மேடுகள் மட்டும் மெழுகுபோல ஒளிரும். தேவைப்பட்டால் நீர் கலந்த வார்னிஷ், அதுவும் ஒரே பூச்சு.

தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது. நாள்தோறும் விரல் படும் நடுமுதுகில் மேட்டு மை முதலில் போகும். க்ளேயின் உடம்புக்கே நிறம் கொடுத்துச் செய்திருந்தால், போன இடத்தில் அதே குடும்ப நிறம் வெளிவந்து, இன்னும் கொஞ்சம் பழகின முகம் வரும். நெட்சுகே சேகரிப்பவர்கள் கைபட்டு மழுங்கிய துண்டை விரும்பி வாங்குவதும் இதனால்தான். வெள்ளை க்ளேமேல் எல்லாவற்றையும் மையாலேயே ஒப்பேற்றியிருந்தால் சில மாதங்களில் வெள்ளைத் திட்டு பல்லிளிக்கும். ஆகவே கைவினைச் சந்தையில் இப்படிக் கவர் வாங்கப் போனால், மேஜையில் பரப்பியிருக்கும் புதியவற்றை அப்புறம் பாருங்கள். “உங்க போனை ஒரு நிமிஷம் காட்டுங்களேன்” என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் தம் போனுக்கு எந்தக் கவரைப் போட்டிருக்கிறார், அதன் நடுமுதுகு இப்போது எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.