அரை மில்லி இங்கிதம்

செனாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரங்களோடு வளர்ந்தவர்கள் மங்கு கட்டும் கம்பியை மறந்திருக்க மாட்டார்கள். மரத்தின் இடுப்பைச் சுற்றி மெல்லிய கம்பி, அதில் ஒரு சுருள். மரம் பருக்கப் பருக்கச் சுருள் விரிந்துகொடுக்கும். மரத்தின் தோலை அறுக்காது. அந்த மரங்களில் பலவும் செம்பனைக்கு இடம்விட்டுப் போய்விட்டன. எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சுற்றிக் கட்டும் சிலிக்கோன் வளையத்தை, அதாவது கேஸ்ட்ரிக் பேண்டை, பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது.

வளையத்தை முதலில் கையில் ஏந்திப் பார்ப்போம். வெளிப்பக்கம் நிமிர்ந்த முதுகு. உட்பக்கம் மழலையின் கன்னம்போல் மெத்தென்ற ஒரு குட்டிப் பலூன். உறுதி வெளியே, மென்மை உள்ளே. இரைப்பையைத் தொடுவது மென்மை மட்டும்தான். இதில் வெட்டி எறிவது எதுவுமில்லை, குடலை மாற்றித் தைப்பதும் இல்லை. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வளையத்துக்கு மேலாக, 15 முதல் 25 மில்லி கொள்ளும் ஒரு சிறு சிமிழ் உருவாகிறது. நாலு வாய் சோறு அங்கே வந்து அமரும்போதே, போதும் என்ற செய்தி மூளைக்குப் போய்விடுகிறது.

வளையத்தைக் கட்டும் அழகு இன்னும் நுட்பமானது. கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு சவ்வுத் திரை தொங்குகிறது. அதில் ஓரிடம் கண்ணாடித்தாள்போல மெலிந்து, பின்னாலிருப்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். மருத்துவர் அங்கேதான் சன்னல் திறக்கிறார். கருவியை இரைப்பையின் பின்புறமாக, கண்ணுக்குத் தெரியாத பாதையில், மெல்லச் செலுத்துகிறார். அது இடப்பக்கம் தலைகாட்டும்; வளையத்தின் நுனியைக் கவ்விக்கொண்டு வந்த வழியே திரும்பும். பிறகு கொக்கி மாட்டுவது, ஒட்டியாணம் பூட்டுவதுபோல. வளையம் நழுவாதிருக்க, இரைப்பையின் முன்பகுதியையே அதன்மேல் போர்த்தி மூன்று நான்கு தையல் போடுகிறார்கள். உடம்பின் துணியாலேயே உடம்புக்குள் ஒரு போர்வை!

அமெரிக்காவில் குடியேறிய உக்ரைன்காரர் லூபொமிர் குஸ்மாக், உப்புநீரால் இறுக்கித் தளர்த்தும் வளையத்தை 1986-இல் அறிவித்தார். வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே அதைப் பொருத்தும் முறையை 1993-இல் பெல்ஜியத்தின் ஹூய் நகரில் தொடங்கிவைத்தவர் மிட்டிகு பெலாச்சூ, சிறுவயதில் எத்தியோப்பியாவில் ஆடு மேய்த்துத் திரிந்தவர்.

என் மனம் அதிகம் தங்குவது வளையத்தில் அல்ல, அதன் வாசலில். பலூனிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில், ஐம்பது சென் நாணயத்தை ஒத்த ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. பெட்டியின் மூடி சிலிக்கோன். வெளியிலிருந்து ஊசி குத்தி அதன் வழியே உப்புநீர் ஏற்றுகிறார்கள். சாதாரண ஊசியானால் ஒவ்வொரு குத்துக்கும் மூடியில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துவிடும், நாளடைவில் ஒழுகும். இதற்குப் பயன்படுத்தும் ஹியூபர் ஊசியின் முனையோ பக்கவாட்டில் வளைந்தது. அது சிலிக்கோனைக் கிள்ளுவதில்லை, விலக்கிக்கொண்டு போகிறது. ஊசி வெளியே வந்ததும் விலகியது சேர்ந்துகொள்கிறது. சியாட்டிலில் ஒரு பல் மருத்துவர், ஊசி வலிக்காமல் இருக்க வேண்டுமென்று யோசித்துச் செய்த வளைவு இது. இத்தனை கருணையான உலோகம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சில வளையங்கள் நழுவின, சில இரைப்பையை அரித்தன. பலருக்குக் கழற்ற வேண்டி வந்தது. இன்று பெரும்பாலான மருத்துவர்கள் இரைப்பையையே வெட்டிச் சுருக்கும் ஸ்லீவ் முறைக்குப் போய்விட்டார்கள். நம்மூர் தே தாரேக்கும் வளையத்துக்கு அடங்காது. எவ்வளவு இறுக்கினாலும் சர்க்கரைப் பால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆனாலும் 2008-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வளையம் பூண்டவர்களில் 73 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 13 விழுக்காடுதான்.

உப்புநீரை ஒரு தடவைக்கு அரை மில்லி, ஒரு மில்லி என்றுதான் ஏற்றுவார்கள். அதிகமாகிவிட்டால் அதே வாசல் வழியே உறிஞ்சி எடுப்பார்கள். ஏற்றி முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும். அது தடையில்லாமல் இறங்கினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.