பெயர் ஒற்றுமையும் ஆள் ஒற்றுமையும்: 'சாத்தனார்' என்னும் பெயர்கொண்ட புலவர்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சங்கத் தொகை நூல்களில் 'சாத்தனார்' என்று முடியும் பெயருடைய புலவர் பலர் உளர். அவர்களுள் சீத்தலைச் சாத்தனாரே மணிமேகலை ஆசிரியர் என்னும் கருத்து இலக்கிய வரலாற்று நூல்களில் வேரூன்றியுள்ளது. பெயரின் ஈற்றுச்சொல் ஒன்றாக இருப்பதைக்கொண்டு ஆளும் ஒருவரே எனத் துணிவது எத்துணைப் பொருந்தும் என்பதை, பெயருக்கு முன்வரும் அடைமொழிகளின் தன்மையை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

தமிழர் பெயரமைப்பில் மேலைநாட்டார் வழங்கும் குடும்பப்பெயர் போன்றதோர் உறுப்பு பழங்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர், தந்தை பெயர், தொழில், உறுப்பு, சிறப்பு ஆகியன முன்னே நிற்க, இயற்பெயர் இறுதியில் வருவதே சங்கப் புலவர் பெயர்களின் பொது அமைப்பு. சாத்தன், கீரன், கண்ணன், கொற்றன், பூதன், நாகன் என இறுதியில் நிற்கும் இயற்பெயர்கள் தொகையில் குறைவு. அவற்றைத் தாங்கிய மக்களோ மிகப் பலர். எனவே பெயரின் இறுதிச்சொல் ஒருவரை இனங்காட்டாது; அதற்கு முன்வரும் அடையே இனங்காட்டும். இந்த எளிய உண்மையை மறந்து, ஈற்றுச்சொல்லின் ஒற்றுமையைச் சான்றாகக் கொண்டதனால் தமிழிலக்கியக் காலவரையறையில் நேர்ந்த சிக்கல்கள் சில. அவற்றுள் முதன்மையானது சாத்தனார் பற்றியது.

இலக்கணம் காட்டும் பெயர்முறை

பெயர்கள் ஒன்றோடொன்று புணரும் முறையைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரப் புள்ளிமயங்கியல் விரிவாகவே பேசுகிறது. ஆதன், பூதன் என்னும் பெயர்கள் 'தந்தை' என்னும் முறைப்பெயரோடு புணரும்போது ஆந்தை, பூந்தை என்றாகும். சாத்தன், கொற்றன் என்பவை அவ்வாறு புணரும்போது சாத்தந்தை, கொற்றந்தை என்றாகும் என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். பிசிராந்தையார் என்னும் பெயரின் அமைப்பு இவ்விதியால் விளங்கும். தந்தை பெயர் முன்னும் மகன் பெயர் பின்னுமாக நின்று 'இன்னாருக்கு மகன் இன்னான்' எனப் பொருள்படும் தொகைக்கும் தொல்காப்பியம் தனி விதி வகுக்கிறது. சாத்தங் கொற்றன், கொற்றங் கொற்றன் என்பன அதற்கு உரைகாரர் தரும் காட்டுகள்.

கொற்றன் மகனும் கொற்றனாக இருக்கக்கூடும் என்பதை இலக்கண உரையே இயல்பாக எடுத்துக்கொள்வது நோக்கத்தக்கது. நற்றிணைப் புலவர் கீரங்கீரனார் பெயரும் இவ்வகையினதே. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் ஒரு பெயர் தாங்கிய சமூகத்தில், பெயர் ஒன்றென்பதனால் ஆளும் ஒன்றெனக் கொள்ள இடமில்லை.

இப்பெயரின் பரவலுக்குத் தமிழகத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறைமுக அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில், கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய தமிழ்-பிராமி எழுத்தில் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் காணப்பட்டன. மெய்யிரட்டிப்பை எழுத்தில் காட்டாத அக்கால வழக்கின்படி இவை கண்ணன், சாத்தன் என்பனவே. கடல்கடந்து சென்ற எளிய வணிகரும் தாங்கிய பெயர் சாத்தன்.

தொகை நூல்களில் சாத்தனார்

தொகை நூல்களில் காணப்படும் சாத்தனார் பெயர்களை அடைமொழியின் வகையால் பகுத்துக் காணலாம். தொண்டி ஆமூர்ச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் ஆகியோர் ஊரால் அறியப்படுவோர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஊராலும் தந்தை பெயராலும் அறியப்படுகிறார். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் பெயரில் நாணய நோட்டத் தொழிலைக் குறிக்கும் அடை உள்ளது. ஆலம்பேரி சாத்தனார், அழிசி நச்சாத்தனார், பிரான் சாத்தனார், மோசிசாத்தனார் முதலியோர் பெயரடைகளுக்கு ஊர், தந்தை பெயர், குடி எனப் பலவாறு பொருள் கூற இடமுண்டு.

இவர்களுள் எவரையும் ஒருவரோடு ஒருவர் இணைத்துக் காண ஆய்வாளர் முற்படவில்லை. ஒக்கூர் மாசாத்தனாரும் ஆடுதுறை மாசாத்தனாரும் புறநானூற்றில் கையறுநிலை சார்ந்த பாடல்களைப் பாடியுள்ளனர். முன்னவரது 248ஆம் பாடல் கணவனை இழந்த பெண் அல்லியரிசி உண்ணும் நிலையைச் சொல்வது. பின்னவரது 227ஆம் பாடல் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைக் கொண்ட கூற்றத்தை இகழ்வது. இயற்பெயர் ஒன்று, அதன் முன்வரும் 'மா' என்னும் அடையும் ஒன்று, பாடுபொருளும் நெருங்கியது. ஆயினும் ஊர் வேறென்னும் ஒரே காரணத்தால் இருவரையும் வேறாகவே கொண்டனர். இது செம்மையான முறை.

ஒக்கூர் மாசாத்தியாரை எடுத்துக்கொண்டால் ஊரும் இயற்பெயரின் பகுதியும் மாசாத்தனாரோடு ஒன்றுபடுகின்றன. பால்காட்டும் ஈறு மட்டுமே வேறு. எட்டுப் பாடல்களுக்கு உரியவராகிய அப்பெண்பாற் புலவரை மாசாத்தனாரின் உடன்பிறந்தாராகக் கருதுவோர் உளர். அது கருதுகோளாகவே நிற்கிறது. துணிபாக எவரும் எழுதுவதில்லை.

கருவூர்க் கதப்பிள்ளை (புறம். 380), கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் (புறம். 168) என்னும் இரு பெயர்களும் இவ்வாறே எச்சரிக்கையை வேண்டுவன. முன்னது பின்னதன் சுருக்கமாகலாம். அன்றித் தொல்காப்பியர் கூறும் முறையில் தந்தையும் மகனுமாகலாம். பெயரை மட்டும் கொண்டு இதனைத் தீர்க்க இயலாது.

சீத்தலைச் சாத்தனாரும் கூலவாணிகன் சாத்தனும்

இத்தகைய எச்சரிக்கை ஓரிடத்தில் மட்டும் தளர்ந்துவிடுகிறது. சீத்தலைச் சாத்தனார் பெயரில் அகநானூற்றில் ஐந்து, நற்றிணையில் மூன்று, குறுந்தொகையில் ஒன்று, புறநானூற்றில் ஒன்று எனப் பத்துப் பாடல்கள் உள்ளன. நற்றிணையில் 'சீத்தலைச் சாத்தனார்' என்றும், குறுந்தொகை 154இல் 'மதுரைச் சீத்தலைச் சாத்தனார்' என்றும், புறநானூறு 59இல் 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்' என்றும் பெயர் வளர்ந்து நிற்கிறது.

மறுபுறம், சிலப்பதிகாரப் பதிகம் இளங்கோவடிகள் உரைக்கக் கேட்டவனை 'மதுரைக் கூலவாணிகன் சாத்தன்' என்கிறது. மணிமேகலைப் பதிகமும் நூலாசிரியனைக் 'கூலவாணிகன் சாத்தன்' என்றே சுட்டுகிறது. காட்சிக்காதையில் செங்குட்டுவனுக்குக் கண்ணகி வரலாற்றை எடுத்துரைப்பவனும் 'சாத்தன்' என்றே குறிக்கப்படுகிறான். இவ்விடங்களில் 'சீத்தலை' என்னும் சொல் இல்லை.

இருவரும் ஒருவரே என்னும் கருத்துக்கு அடிப்படை 'மதுரை', 'கூலவாணிகன்', 'சாத்தன்' என்னும் மூன்று சொற்கள். இவற்றின் இனங்காட்டும் ஆற்றல் எத்துணை என்பதே கேள்வி. மதுரை பெருநகர்; அப்பெயரை அடையாகக் கொண்ட புலவர் மிகப் பலர். மதுரை வணிகர் என்பதும் தனியொருவருக்கு உரிய அடையாளம் அன்று. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார் என அதே வாய்பாட்டில் அமைந்த பெயர்கள் உள்ளன. எஞ்சுவது கூல வாணிபமும் சாத்தன் என்னும் பெயரும்.

சாத்து என்பது வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் சொல். கோவலன் தந்தை மாசாத்துவான் பெயரிலும் அது உண்டு. சாத்தன் என்பது ஐயனாரின் பெயராகவும் வழங்கியது. சிலப்பதிகாரத்தில் வரும் பாசண்டச் சாத்தன் அறியப்பட்ட தெய்வம். இவ்விரண்டனுள் எது பெயரின் மூலமாயினும், வணிகரிடையே இப்பெயர் மிகுதியாக வழங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. செங்கடல் துறைமுகப் பானையோடு இதற்கு அரண் செய்கிறது. ஆகவே 'வணிகன் சாத்தன்' என்பது பெயரும் தொழிலும் இயல்பாக இணைந்த ஒரு சேர்க்கை. மதுரைக் கூலக்கடைத் தெருவில் சில தலைமுறைகளுக்குள் சாத்தன் என்னும் பெயருடைய கூலவாணிகர் பலர் வாழ்ந்திருத்தல் கூடும். அவர்களைப் பிரித்துக் காட்டவல்ல ஒரே சொல் 'சீத்தலை'. அதுவே காப்பியப் பதிகங்கள் இரண்டிலும் இல்லை. இரு தரப்புக்கும் பொதுவான சொற்கள் ஆளைப் பிரித்துக் காட்டும் வலுவற்றவை. வலுவுள்ள சொல் பொதுவாக அமையவில்லை.

அடைமொழியும் கதையும்

சீத்தலை என்பதற்கு எழுந்த விளக்கம் இச்சிக்கலின் மற்றொரு முகம். பிறர் பாடிய நூல்களில் குற்றம் காணுந்தோறும் எழுத்தாணியால் தம் தலையைக் குத்திக்கொண்டமையால் சீழ்பிடித்த தலையர் ஆனார் என்பது கதை. திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் உள்ள வெண்பா, முப்பாலால் சாத்தனுக்குத் தலைக்குத்து நீங்கியதாகக் கூறுவது இதற்குத் துணையாகக் காட்டப்படும். சீத்தலை ஊர்ப்பெயர் என்பதே இன்று பெரும்பான்மையோர் கொள்ளும் கருத்து.

இவ்விடத்தில் பெருந்தலைச் சாத்தனாரை ஒப்பிட்டுக் காணலாம். இவரை ஆவூர் மூலங்கிழார் மகனார் என்று அகநானூறு அறிமுகப்படுத்துகிறது. குமணன் தன் தலையைக் கொண்டுசெல்ல வாள் தந்த செய்தியைப் பாடியவரும் இவரே (புறம். 165). 'தலை' என முடியும் அடைகொண்ட சாத்தனார் இருவர் தொகை நூல்களில் இருக்க, ஒருவர் பெயரை ஊராகக் கொண்டு மற்றவர் பெயருக்கு நோய்க்கதை புனைவது முறையாகாது. பொருள் மறைந்த அடைமொழியைச் சூழ்ந்து கதை பிறக்கிறது. அக்கதை பின்னர் வரலாற்றுச் சான்றாக மேற்கோள் காட்டப்படுகிறது.

அகச்சான்றும் அதன் எல்லையும்

பத்துப் பாடல்களின் உள்ளடக்கம் இவ்வழக்கைத் தீர்க்குமா? ஒன்பது பாடல்கள் அகத்திணை. குறுந்தொகை 154 நண்பகல் வெம்மையில் கள்ளிக் கவட்டில் இருந்து புலம்பிக் கூவும் பேடையைக் காட்டி, பிரிந்து சென்றவர் பிரிவாற்றும் வன்மையை எங்கு அறிந்தனரோ என வினவுகிறது. புறநானூறு 59 சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறனைப் பகைவர்க்கு ஞாயிறு, தம்மனோர்க்குத் திங்கள் எனப் போற்றுகிறது. பௌத்தக் கோட்பாட்டின் சுவடு இவற்றில் இல்லை. எனினும் அதனைக்கொண்டு ஆள் வேறெனத் துணிவதும் பிழையாகும். அகப்பாடல் மரபு புலவனின் சமயத்தை வெளியிட இடந்தராத மரபு. இன்மை இங்குச் சான்றாகாது.

காலச் சான்று இதனினும் வலியது. மணிமேகலையின் 29ஆம் காதையாகிய தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதை, அளவையியலைக் கூறும் முறையில் திங்நாகர் மரபின் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு நெருங்கிய ஒப்புமை உடையது. குப்புசாமி சாஸ்திரியார் இவ்வொப்புமையைக் கடனாகக் கண்டார். 1928இல் மணிமேகலையின் வரலாற்றுப் பின்புலம் பற்றி நூல் வெளியிட்ட சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் அதனை மறுத்து, காப்பியம் திங்நாகருக்கு முற்பட்டது என நிறுவ முயன்றார். காப்பிய ஆசிரியர் சங்கப் புலவரே என்னும் முன்முடிவை ஏற்றால் பின்னவர் பக்கம் சாய வேண்டியுள்ளது. அம்முன்முடிவை விலக்கினால் தத்துவப் பகுதியை அதன் சொந்தச் சான்றுகளால் மட்டும் எடைபோட இயலும். பெயர் பற்றிய ஒரு துணிபு தமிழகப் பௌத்த வரலாற்றின் காலவரையறையையே அசைக்கிறது.

குறிப்பு எழுதியோர் கை

பாடலாசிரியர் பெயர்க் குறிப்புகள் தொகுத்தோர் அல்லது பின்வந்தோர் சேர்த்தவை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்ற பெயர்கள் பாடற்றொடரிலிருந்து ஆக்கப்பட்டவை என்பதே அவர்கள் கை பெயர்களில் பட்டிருப்பதற்குச் சான்று. காப்பியப் பதிகங்களும் நூலாசிரியரல்லாத பிறர் யாத்தவை எனக் கருதப்படுகின்றன. 'கூலவாணிகன்' என்னும் அடை தொகைக் குறிப்பிலிருந்து பதிகத்துக்குச் சென்றதா, பதிகத்தை அறிந்தவர் தொகைக் குறிப்பில் சேர்த்தாரா என்பது தெளியப்படாதவரை, ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவது வட்ட வாதமே. இரண்டும் ஒத்திருப்பது இருவரும் ஒருவர் என்பதைக் காட்டவில்லை. இருவரையும் ஒருவராகக் கருதிய ஒரு மரபு பழமையானது என்பதையே காட்டுகிறது.

பதிப்பு வரலாற்றிலும் இது பொருட்படுத்தத்தக்கது. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு பாடல்களைப் புலவர் வாரியாகத் தொகுத்தது. ஆய்வுக்குப் பெருந்துணையான இம்முறை, ஒவ்வொரு பெயரையும் ஓர் ஆளாகத் தீர்மானிக்கும்படி பதிப்பாசிரியரைப் பணிக்கிறது. அத்தீர்மானம் பின்னர் அடைவுகளிலும் நூலகப் பட்டியல்களிலும் உறைந்து, ஆய்வேடுகளில் மெய்ம்மையாகிவிடுகிறது.

முடிவுரை

சீத்தலைச் சாத்தனாரும் மணிமேகலை ஆசிரியர் சாத்தனாரும் வேறானவர் என இக்கட்டுரை நிறுவவில்லை. ஒருவர் என்பது நிறுவப்படவில்லை என்பதே இதன் முடிவு. ஒத்த பெயருடையோரை ஆராய்கையில் ஈற்றுப்பெயரைச் சான்றாகக் கொள்ளாது, அடைமொழிகளை அவற்றின் இனங்காட்டும் ஆற்றலுக்கேற்ப எடைபோடுதல் வேண்டும். ஊரடை வலிது, தந்தை பெயரடை அதனை ஒட்டியது, பெயரோடு இயல்பாக இணைந்து வரும் தொழிலடை மெலிது. தெளிவு பிறக்கும்வரை அடைவுகளிலும் ஆய்வேடுகளிலும் 'சீத்தலைச் சாத்தனார் (தொகை நூல்கள்)', 'சாத்தனார் (மணிமேகலை)' என இரு பதிவுகளாகக் காட்டுவதே நேர்மையான முறை. பிரித்து வைத்த பதிவுகளைச் சான்று கிடைக்கும் நாளில் இணைப்பது எளிது. சான்றின்றி இணைத்தவற்றைப் பிரிப்பது அரிது. கபிலர், நக்கீரர், ஔவையார் எனப் பல காலத்தும் பலருக்கு வழங்கிய பெயர்களில் காலவேற்றுமை கண்டு ஆளைப் பிரித்தறியும் தமிழாய்வுலகம், அதே அளவுகோலைச் சாத்தனாருக்கும் கொள்ளுதல் தகும்.