பொம்மிடி பிளாட்பாரமும் ஜேக்கப் லாரன்ஸும்

சில நாட்களாக ஜேக்கப் லாரன்ஸின் 'இடப்பெயர்வு வரிசை' ஓவியங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணினித் திரையில்தான். அசல்களில் பாதி நியூயார்க்கிலும் மீதி வாஷிங்டனிலும் இருக்கின்றன. 1941இல் வரைந்து முடித்தபோது அவருக்கு வயது 23. அமெரிக்கத் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்கு ரயிலேறிய கதை, 60 சின்னப் படங்களில். முதல் படம் ரயில் நிலையக் கூட்டம். கடைசிப் படத்திலும் பிளாட்பாரத்தில் ஜனங்கள் நிற்கிறார்கள்.

பொம்மிடிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்ம ஸ்டேஷன்ல ஒரு பக்கம் சேலம் வழியா திருப்பூர், மறுபக்கம் ஜோலார்பேட்டை போய் மாறினா பெங்களூரு. ஏன் போறீங்கன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் "மழை இல்ல". நானும் ரொம்ப நாள் அதையே எழுதிக்கிட்டிருந்தேன். போன மாசம் பக்கத்துல உட்கார்ந்திருந்த பையனும் அதைத்தான் சொன்னான். வண்டி வரும்போது மட்டும், "அங்க எந்தத் தெருன்னு யாரும் கேக்க மாட்டாங்கண்ணா" என்றான்.

லாரன்ஸ் ஒரே காரணத்தோடு நிற்பதில்லை. பருத்தியை அழித்த வண்டு வருகிறது, விலைவாசி வருகிறது. 15ஆம் படத்தில் மொட்டைக் கிளையில் ஒரு தூக்குக் கயிறு, கீழே குனிந்து உட்கார்ந்த ஓர் உருவம். உடல் இல்லை. பசியும் கயிறும் ஒரே வரிசையில், ஒரே வண்ணங்களில். ஒரு நிறத்தை எடுத்தால் அதை எல்லாப் பலகைகளிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போவாராம்.

நம்மிடம் அந்தக் கயிறு விட்டுப்போகிறது. பி.எச். டேனியலின் 'ரெட் டீ' (1969, தமிழில் இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு') தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கருப்பன், வள்ளியைத் தலித்துகளாகவே காட்டுகிறது. அதிலிருந்து எடுத்த பாலாவின் 'பரதேசி'யில் பசி தெரிகிற அளவுக்குச் சாதி தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய டாக்டர் டேனியல் எழுதிய கதையில், படத்துக்கு வந்த டாக்டரோ மதம் மாற்றுகிறவர்! அழுதுகொண்டே பார்த்த படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழுகையில் யாரும் குற்றவாளி ஆகவில்லை; கங்காணியையும் வெள்ளைக்காரனையும் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

படம் வந்தது மார்ச் 2013. அதற்கு நாலு மாதம் முன்பு, நவம்பர் 7, 2012, எங்கள் மாவட்டத்தில் நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள். ஒரு காதல் கல்யாணம்தான் காரணம்னு சொன்னாங்க. ஆனா எரிஞ்சதைப் பாருங்க: பெங்களூரு, திருப்பூர்னு போய்ச் சம்பாதிச்சுக் கட்டின வீடு, பீரோ, பைக். போனவர்கள் திரும்பி வந்து நிமிர்ந்து நின்றதும்தான் உறுத்தியிருக்கிறது. 'மழை இல்ல' என்று மட்டும் எழுதும் கதையால் இந்தத் தீயைத் தொடவே முடியாது.

லாரன்ஸின் பின்பாதிப் படங்கள் வடக்கைப் பற்றியவை. நெரிசல் வீடுகள், இனக் கலவரம், உணவகத்தில் நடுவே கயிறு கட்டிப் பிரித்த இருக்கைகள். அந்தப் பையன் போன வாரம் திருப்பூரிலிருந்து பேசினான். வேலை கிடைச்சிருச்சாம். ரூம்தான் இன்னும் கிடைக்கல. வீட்டுக்காரம்மா முதல்ல ஊர் கேட்டாங்களாம், அப்புறம், "நீங்க என்ன ஆளுங்க?"