சேவையும் ஜீவனமும்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை முதலிய ஊராட்சிகளில், வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழ்கின்ற ஜனங்களிடம் சர்க்காரின் ஆரோக்கியத் திட்டங்களைக் கொண்டு சேர்ப்பவர்கள், அங்கேயே குடியிருக்கும் ஆஷாப் பணியாளர்களும் அங்கன்வாடி டீச்சர்களுமே ஆவர். அங்கன்வாடிகளைத் தந்த, 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரைத் தந்த, 2005-இல் பிறந்த தேசிய ஊரக சுகாதார இயக்கமும், சேவை செய்பவள் அந்தந்த ஊர்ப் பெண்ணாகவே இருக்கவேண்டும் என்ற கொள்கையில் ஒன்றுபட்டவை.

இக்கொள்கையின் சிறப்பை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதலமடை மாந்தோப்பில் கூலிவேலை முடித்து அந்தியில் வீடு திரும்பும் கர்ப்பிணியிடம், அறியாத உத்தியோகஸ்தர் ஒருவர் உடல்நிலையை விசாரித்தால், 'ஒண்ணுமில்லீங்க' என்ற பதிலுக்கு மேல் கிடைப்பது அரிது. அதே பெண்ணிடம், 'ஏங்கண்ணு, காலு வீங்கியிருக்குதே, தலை சுத்துதா?' என்று அடுத்த தெருக்காரி திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போதோ, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டதும், நிறுத்தியதற்குக் காரணம் வயிற்றுப் புரட்டல் என்பதும், அதை மாமியாரிடம் சொல்ல அஞ்சியதும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. தமிழில் கேட்டறிந்ததை மலையாளத்தில் பதிவேட்டில் எழுதி வைக்கின்ற இந்தச் சாமர்த்தியத்துக்கு எந்தப் பரீட்சையிலும் மதிப்பெண் இல்லை. ஆயினும் அஃதில்லாமல் இவ்வெல்லைப்புறத்தில் எந்தத் திட்டமும் வாசற்படி தாண்டாது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருதளித்துக் கௌரவித்தது முற்றிலும் தகும்.

ஆனால் குறையும் அந்தக் கொள்கையினின்றே முளைத்தது. ஊர்ப்பெண் தன் ஊருக்குச் செய்வது தொண்டுதானே என்ற அனுமானத்தால், அவளை ஊழியையாக ஏற்காமல், சம்பளத்தின் ஸ்தானத்தில் மதிப்பூதியத்தையும், செய்த காரியத்துக்கு ஏற்ற ஊக்கத்தொகையையும் வைத்தார்கள். 2025 பிப்ரவரி 10-ஆம் நாள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் கேரள ஆஷாக்களில் ஒரு பகுதியினர் அமர்ந்தபோது, மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும், ஓய்வு பெறுகையில் 5 லட்சம் தர வேண்டும் என்றே கேட்டனர். நிதிப் பொறுப்பு யாருடையது என்று மத்திய, மாநில அரசுகள் விவாதிப்பதில் நியாயம் இருக்கலாம். அந்த விவாதம் முடியும்வரை அரிசிக்கடை காத்திருப்பதில்லை. சம்பளம் வந்தால் சேவை மனம் போய்விடும் என்பாரும் உளர். சம்பளம் வாங்கும் செவிலியர் எவரும் அதனால் கருணை இழந்ததாக நான் கண்டதில்லை.

கூலியைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது, இப்பணியில் மேலேறப் படி இல்லாமையே. அங்கன்வாடிப் பணியாளர்க்கு மேற்பார்வையாளர் பதவியில் ஓரளவு ஒதுக்கீடேனும் உண்டு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. ஆஷாவாகச் சேர்ந்தவளோ, எத்தனை பிரசவங்களுக்குத் துணை போனாலும், ஆஷாவாகவே வயோதிகம் அடைகிறாள். படித்த இளம்பெண்கள் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறிவிடுவதில் வியப்பென்ன?

ஊர்ப்பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறை நிலைக்க வேண்டும். தொண்டர் என்ற பெயரால் ஊதியத்தைக் குறைக்கும் முறை ஒழிய வேண்டும். அவளுடைய சேவைக் காலத்தையும் இருமொழி அறிவையும் கணக்கில் கொண்டு, செவிலியர் பயிற்சியில் அவளுக்கு இடம் ஒதுக்குமாறு கேரள அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.